தண்ணீர் இறங்காத வீடு

பிளம்பர் காலையிலேயே வந்துவிடுவான் என்று வீட்டுக்காரி கனகவல்லி அம்மாள் மாடிப்படியில் நின்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். காலை என்பது எதுவரைக்கும் காலை என்று கேட்க இந்துமதிக்கு வாய் வரவில்லை. துணிக்கடைக்கு லீவு சொல்லிவிட்டு, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு குளியலறை வாசலில் வந்து நின்றாள். தண்ணீர் அப்படியேதான் இருந்தது. நேற்று எத்தனை வாளி கோரிக் கொண்டுபோய்த் தெருச் சாக்கடையில் கொட்டினாளோ, விடிந்து பார்த்தால் பழையபடி கணுக்கால் முங்க நிற்கிறது, சாம்பல் நிறத்தில், ஓரமெல்லாம் சோப்பு நுரை ஆடை கட்டி, நடுவில் ஒரு முடி மிதந்துகொண்டு. அந்த முடியைத்தான் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். நீளமான கறுப்பு முடி. மாடியில் அந்த அம்மாள் ஒருத்திதான், அவளுக்குத் தலை முழுக்க வெள்ளை. புருஷன் தயாளனுக்கு முடி கொட்டி மண்டை தெரிய ஆரம்பித்து வெகுநாளாகிறது. ஆக இது தன்னுடையதுதான். பிளம்பர் வந்தவுடன் முதலில் இதைப் பார்ப்பான், பார்த்துவிட்டு அந்த அம்மாளைப் பார்ப்பான், அந்த அம்மாள் உதட்டைப் பிதுக்குவாள். இந்துமதி குனிந்து அதை எடுத்து விரலில் சுற்றிக்கொண்டாள். எடுத்த பிறகு எங்கே போடுவது என்று தெரியாமல் சுற்றிய விரலோடு நின்றாள். யூசேஜ் சரியில்லை. போன வாரம் குளியலறைத் தண்ணீர் சரியாக இறங்காமல் போக ஆரம்பித்தபோது, அந்த அம்மாள் பெங்களூரில் இருக்கும் மகனோடு போனை ஸ்பீக்கரில் போட்டுப் பேசியபோது படியோரம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த இவள் காதில் விழுந்தது அந்தச் சொல். "கட்டடத்துல ஒரு குறையும் இல்லம்மா, யூசேஜ் சரியில்ல, அவ்வளவுதான்." அன்றைக்கு விழுந்த சொல் இன்னும் எழுந்து போகவில்லை. கடையில் பில் போடும்போது, பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்கும்போது, சோறு வடிக்கும்போது, யூசேஜ், யூசேஜ் என்று பல்லில் மாட்டிய நார் மாதிரி நாக்கு அங்கேயே போய் நிற்கிறது. மனுஷர்கள் ஒரு குளியலறையில் என்ன செய்வார்களோ அதைத்தானே அவர்களும் செய்தார்கள். இல்லை, அதை மட்டும் செய்யவில்லை. அது அவளுக்குத் தெரியும். அங்கே வந்ததும் யோசனை கால் வழுக்கின மாதிரி நின்றுவிடும், திரும்பி முடியிலிருந்து ஆரம்பிக்கும்.

உள்ளறையில் தயாளன் செருமினான். "வந்தாச்சா?" என்றான். "இன்னும் இல்லை, நீங்க படுத்திருங்க," என்றாள். கதவு சாத்தியே இருந்தது. அந்தக் கதவுக்குப் பின்னால் இருப்பதுதான் இந்த வீட்டில் அவளுடைய பெரிய வேலை. ஜன்னல் கம்பியில் மாட்டிய கொக்கியில் தண்ணீர்ப் பை தொங்கும். அவன் வயிற்றிலிருந்து வரும் மெல்லிய குழாயில் அதை இணைக்க வேண்டும். மருந்துத் தண்ணீர் உள்ளே இறங்கி வயிற்றுக்குள் சில மணி நேரம் நிற்கும், சிறுநீரகம் செய்ய வேண்டியதை அது செய்யும், பிறகு அழுக்கையெல்லாம் வாங்கிக்கொண்டு வெளியே வரும். அதைப் பிடித்துக் கொட்டிவிட்டு அடுத்ததை ஏற்ற வேண்டும். நாள் முழுக்க, வருஷம் முழுக்க, ஞாயிறும் தீபாவளியும் கிடையாது. கொட்டுவது எங்கே என்றால் கக்கூஸில்தான், வேறெங்கே கொட்டுவார்கள். ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்த நர்ஸும் அப்படித்தான் சொன்னாள், வெறும் தண்ணிதாம்மா, தாராளமா ஊத்துங்க, ஆனா ரூம் மட்டும் சுத்தமா இருக்கணும், வெளியில இருந்து கிருமி வயித்துக்குள்ள போச்சுன்னா அப்புறம் என் கையில இல்ல. சுத்தம். இந்துமதி மாதிரி தரை துடைக்கிற பெண் இந்தத் தெருவிலேயே இருக்கமாட்டாள். கையைக் கழுவிக் கழுவி விரலிடுக்கெல்லாம் வெடித்திருக்கிறது, மூக்கையும் வாயையும் கட்டிக்கொண்டு, மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, மூச்சைக்கூடக் கணக்காக விட்டுத்தான் பையை மாட்டுவாள். அவளைத்தான் யூசேஜ் சரியில்லை என்றார்கள். போய்ச் சொல்லலாம், அம்மா நாங்க எவ்வளவு சுத்தமா இருக்கோம்னு உள்ள வந்து பாருங்க என்று கூப்பிடலாம். கூப்பிட்டால் கொக்கி தெரியும், பை தெரியும், கட்டிலுக்கடியில் அடுக்கிய அட்டைப்பெட்டிகள் தெரியும். இதற்கு முன்னால் பாலக்கரையில் இருந்த வீட்டில் அப்படித்தான் தெரிந்துபோயிற்று. அந்த வீட்டுக்காரர் ஒன்றும் கத்தவில்லை, சண்டை போடவில்லை, வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்று, "வீட்ல சின்னப் பசங்க இருக்காங்கம்மா, ஒட்டிக்கும்," என்றார் மெதுவாக. இது ஒட்டாது சார் என்று அவள் சொல்லச் சொல்ல, அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார், ஒத்துக்கொள்வதுபோல. மறுமாதம் உறையூரில் இந்தக் கீழ்வீட்டுக்கு வந்தபோது, தன் கணவருக்கு இடுப்பில் அடி, கண்டக்டர் வேலையில் பஸ்ஸிலிருந்து விழுந்தது, அதிகம் நடமாட மாட்டார் என்று சொன்னாள். சொல்லும்போது தயாளன் பக்கத்தில் நின்று இடுப்பைப் பிடித்துக்கொண்டான். அதற்கப்புறம் மாடியிலிருந்து அந்த அம்மாள் இறங்கி வருகிற சத்தம் கேட்டால் போதும், அவன் கை தானாக இடுப்புக்குப் போய்விடுகிறது. பெட்டிகள் வேனில் வந்து இறங்கும்போது கடைச் சரக்கு, கொஞ்ச நாள் வீட்டில் வைக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்றாள். காலிப் பைகளையும் அட்டையையும் கிழித்துச் சுருட்டிக் கடைக்கு எடுத்துப் போய் அங்கே குப்பையில் போடுகிறாள். ஒரு வீட்டில் குடியிருப்பதற்கு இவ்வளவு உழைக்க வேண்டியிருக்கிறது.

முடியைக் காகிதத்தில் சுற்றிக் கூடையில் போட்டுவிட்டுத் தண்ணீரைக் கோர ஆரம்பித்தாள். கோரிக்கொண்டே இருந்தால் யோசிக்காமல் இருக்கலாம் என்று ஒரு நினைப்பு, ஆனால் கை கோரக் கோர அது பாட்டுக்கு ஓடியது. சில்லறை ரிப்பேர் குடியிருக்கிறவங்க பொறுப்பு, பெரிய ரிப்பேர் எங்க பொறுப்பு. வீடு பேசி முடிக்கும்போது அந்த அம்மாள் சொன்னது. எது சில்லறை, எது பெரிசு என்று அப்போது யாருக்குக் கேட்கத் தோன்றியது. குழாயில் வாஷர் போனது, சொந்தமாகப் போட்டுக்கொண்டாள். கக்கூஸ் கதவின் தாழ்ப்பாள் கையோடு வந்தது, அதையும் வாங்கிப் போட்டாள். உள்ளறைச் சுவரில் மாடியிலிருந்து ஈரம் இறங்கிக் கறுப்பாகப் பூஞ்சை படர ஆரம்பித்தபோதுதான் படியேறிப் போய்ச் சொன்னாள். "ஜன்னலைத் திறந்து வைக்கிறதே இல்ல நீங்க, காத்து போகாம எப்படி இருக்கும்?" என்றாள் அந்த அம்மாள். வாஸ்தவம்தான், ஜன்னலைத் திறப்பதே இல்லை. ஏன் திறப்பதில்லை என்று சொல்ல முடியாது. ஆக அந்தச் சுவரும் அவளுடைய தப்பாகவே ஆகிவிட்டது. வாரத்துக்கொரு தரம் நாற்காலி போட்டு ஏறி பிளீச்சிங் பவுடர் கரைத்துத் துடைக்கிறாள், துடைத்த இடத்தில் மங்கலாக, பிறகு கறுப்பாக, பழையபடி. தயாளன் படுத்துக்கொண்டு அதையே பார்ப்பான். "இது இலங்கை மாதிரி இருக்கு பாரு," என்றான் ஒருநாள். அவள் சிரித்தாள். அப்புறம் அது வளர்ந்து எதன் மாதிரியும் இல்லாமல் போய்விட்டது. நேற்று மத்தியானம் கக்கூஸில் ஊற்றியது இறங்கவே இல்லை, விளிம்புவரை வந்து நின்று அவளையே பார்த்தது. நேற்றிலிருந்து அவன் வயிற்றிலிருந்து வந்ததையெல்லாம் மூடி போட்ட பச்சை வாளியில் சேர்த்து அடுப்படி மூலையில் வைத்திருக்கிறாள். அடுப்படியில். நர்ஸுக்குத் தெரிந்தால் என்ன சொல்வாள். தனக்கு அவசரமென்றால் பஸ் ஸ்டாண்டு கட்டணக் கழிப்பறைக்கு நடக்கிறாள். அவனுக்கு அந்த அவஸ்தை இல்லை, அவனுக்குச் சிறுநீர் வருவதே நின்றுவிட்டது என்று நினைத்து, அதை ஒரு சௌகரியமாக நினைத்துவிட்டோமே என்று கை அந்தரத்தில் நின்றது. நல்ல வெயில் வெளியே. தெருவில் கோலமாவு விற்கிறவன் குரல் போனது. ஒருவேளை நாம்தான் அடைத்துவிட்டோமோ. வெறும் தண்ணி என்றாள் நர்ஸ், ஆனால் சில நாள் பையில் வெள்ளையாக இழை இழையாக வரும், பஞ்சுத் துணுக்கு மாதிரி, அதுவும் ஒன்றும் இல்லை என்றுதான் சொன்னார்கள். அந்த இழைகள் நாளுக்கு நாள், மாசத்துக்கு மாசம், குழாய்க்குள் எங்கேயோ ஒரு வளைவில் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, கயிறாகி, முடிச்சாகி. பிளம்பர் கம்பியை விட்டு அதை இழுத்து வெளியே போடுவான், இது என்னம்மா, என்று எல்லார் முன்னாலும் கேட்பான். தயாளன் உடம்பிலிருந்து வந்ததென்று அவள் அதை அடையாளம் காட்ட வேண்டியிருக்கும். இல்லை, அப்படியெல்லாம் இருக்காது. முடியாகத்தான் இருக்கும். முடியாக இருந்தால் தேவலை, திட்டு வாங்கிக்கொண்டு போய்விடலாம். கடவுளே, முடியாகவே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள்.

பிளம்பர் வந்தபோது மத்தியானப் பை மாற்ற வேண்டிய நேரம் நெருங்கிவிட்டது. அந்தோணி என்று பெயர், வெற்றிலை போட்ட வாய், பேச்சுக் கொடுக்காத ஆள். பின்னாலேயே கனகவல்லி அம்மாள் சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்து குளியலறை வாசலில் நின்றாள். அவளுடைய பார்வை தண்ணீர்மேல் போயிற்று, சுவர்மேல் போயிற்று, சாத்தியிருந்த உள்ளறைக் கதவுமேல் போய் அங்கே கொஞ்சம் நின்று திரும்பிற்று. இந்துமதி கதவுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டாள், வழியில் நிற்பதுபோல் இல்லாமல், சும்மா சாய்ந்திருப்பதுபோல. "டெய்லி கழுவுறியாம்மா?" என்று கேட்டாள் அந்த அம்மாள். "கழுவுறேம்மா, ரெண்டு வேளையும் கழுவுறேன்." "சாப்பாட்டு மிச்சம், டீத்தூள் எதுவும் போடுறதில்லையே?" "இல்லம்மா." "துணி கிணி?" "இல்லம்மா." கேள்விகள் முடிந்துவிட்டன, அடுத்தது அதுதான், வேற என்ன ஊத்துறே, என்று அவள் காத்திருந்தாள். அந்த அம்மாள் கேட்கவில்லை. அந்தோணி சுருட்டி வைத்திருந்த நீளக் கம்பியை விட்டுக் குடைந்தான். ஒன்றும் வரவில்லை. முடி வரவில்லை, இழை வரவில்லை. அவன் பின்பக்கம் போய்ச் சந்தில் இருந்த சிமெண்ட் மூடியை நெம்பித் திறந்தான், உள்ளே வறண்டு கிடந்தது. "இங்க சொட்டுத் தண்ணி வரல. நடுவுல எங்கியோதான்," என்று உள்ளே வந்து தரையில் காலால் தட்டிக்கொண்டே நடந்தான். குளியலறை வாசல், கூடம், உள்ளறைக் கதவுவரைக்கும் வந்து அவளுக்கு ஒரு முழம் தள்ளி நின்றான். "மாடியில போய்க் கொஞ்சம் தண்ணி திறந்து விடுங்கம்மா," என்றான். அந்த அம்மாள் ஏறிப் போனாள். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு கீழே தேங்கிய தண்ணீர் ஓரத்தில் மெல்ல அசைந்து, நுரை விலகி, கக்கூஸின் அடியிலிருந்து குபுக்கென்று ஒரு கொப்புளம் வந்தது, கூடவே மஞ்சளாக ஒரு துண்டு சாமந்தி இதழ் மேலே வந்து சுற்றியது. இவள் வீட்டில் சாமந்தி ஏது. "மேல் வீட்டுத் தண்ணியும் இந்த லைன்லதான் இறங்குது. அடியில பைப்பு உடைஞ்சு உள்வாங்கிருச்சு, மண்ணு மூடிக்கிச்சு. பழைய பைப்பு. இவங்க ஒண்ணும் பண்ணல," என்றான் அந்தோணி, திரும்பி வந்து நின்ற அந்த அம்மாளிடம். இவங்க ஒண்ணும் பண்ணல. அதை அவன் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, நாலு பேருக்கு நாலு வீட்டில் சொல்வதுபோல் சாதாரணமாகச் சொன்னான். இந்துமதி அதை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். யாராவது தன்னைப் பார்த்து அப்படிச் சொல்லி எவ்வளவு காலமாயிற்று. போன் போட்டு அந்தப் பெங்களூர்க்காரனுக்குச் சொல்லச் சொல்ல வேண்டும் போலிருந்தது, ஸ்பீக்கரில் போட்டு.

அந்த அம்மாள் போன் போடத்தான் செய்தாள், ஆனால் ஸ்பீக்கரில் போடவில்லை, காதோடு ஒட்டிவைத்துக்கொண்டு வாசல் பக்கம் போய் நின்று, ம், ம், ஆமாப்பா, முழுசாவா, ம், என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த ஒவ்வொரு 'ம்'முக்கும் இந்துமதிக்குள் ஒன்று கீழே இறங்கியது. அவளுக்கு விளங்கிவிட்டது. முடியாக இருந்திருந்தால் கம்பியோடு போயிருக்கும். தப்பு அவளுடையதாக இருந்திருந்தால் திட்டோடு போயிருக்கும். இது பெரிய ரிப்பேர், இது அவர்கள் பொறுப்பு. பொறுப்பை அவர்கள் எடுத்துக்கொள்ளப் போகிறார்கள். "தரையைப் பூரா உடைக்கணுமாம்மா," என்று வந்து சொன்னாள் அந்த அம்மாள், இவள் முகத்தைப் பார்க்காமல் சுவிட்ச் போர்டைப் பார்த்துக்கொண்டு. "கூடம், உள்ரூம் எல்லாம். உடைக்கிறதுதான் உடைக்கிறோம், கீழ் வீட்டை அப்படியே புதுசா எடுத்துக் கட்டிரலாம்ங்கறான் பையன். ஆள் இருக்கையில வேலை நடக்காது. அடுத்த மாசத்துக்குள்ள வேற இடம் பாத்துக்கிட்டீங்கன்னா..." "வேலை முடிஞ்சதும் வந்துரலாமாம்மா?" என்று கேட்டாள் இந்துமதி. கேட்கும்போதே அது எவ்வளவு அசட்டுத்தனமான கேள்வி என்று தெரிந்தது. "அவன் வேற மாதிரி யோசிக்கிறாம்மா," என்றாள் அந்த அம்மாள். அந்தோணி கம்பியைச் சுருட்டிக்கொண்டு, இதில் தனக்கு வேலை இல்லை என்பதுபோல வெளியே போய்விட்டான். அப்போது உள்ளே பை மாற்றுகிற நேரத்துக்கு வைத்திருந்த அலாரம் அடித்தது. யாரும் அணைக்காமல் அது அடித்துக்கொண்டே இருந்தது. தயாளன் கை இடுப்பில் இருக்கும், எட்டி அணைக்கப் பயப்படுவான் என்று அவளுக்குத் தெரிந்தது. "போம்மா, போய் மாத்திவிடு," என்றாள் அந்த அம்மாள். இந்துமதி நின்றாள். "தெரியும்மா. வந்த மாசமே தெரியும். பெட்டியில எழுதியிருக்கே. எங்க நாத்தனார் வீட்டுக்காரருக்கும் இதேதான் மாட்டியிருந்தாங்க." மாட்டியிருந்தாங்க. இருந்தாங்க என்றால் இப்போது இல்லை. அவருக்கு என்ன ஆயிற்று என்று கேட்டுவிடுவோமோ என்று பயந்து பல்லைக் கடித்துக்கொண்டாள். இத்தனை நாள் தெரிந்தே ஏன் கேட்கவில்லை. ஜன்னலைத் திறக்கச் சொன்னபோதும் தெரியும். துணி கிணி என்று கேட்டபோதும் தெரியும். கேட்காமல் விட்டது இரக்கமாகத்தான் இருக்க வேண்டும், அந்த அம்மாள் முகத்தில் அது இருக்கத்தான் செய்தது, கண்கூடக் கலங்கினாற்போல் இருந்தது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்ய. கடைக்குச் சுருட்டி எடுத்துப்போன அட்டைகள், பஸ்ஸில் மடியில் மூடி வைத்துக்கொண்ட பைகள், இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்ற அவன். யாரிடமிருந்து இதையெல்லாம் ஒளித்தோம். பாலக்கரைக்காரர் தெரிந்து போகச் சொன்னார், இந்த அம்மாள் தெரிந்தும் இருக்கவிட்டாள், கடைசியில் ஒரு குழாய் போகச் சொல்கிறது.

பை மாற்றி முடித்தாள். கை பழக்கத்தில் எல்லாவற்றையும் சரியாகச் செய்தது. "என்ன சொன்னாங்க?" என்றான் தயாளன். "பைப்புதான் உடைஞ்சிருக்காம். நம்ம தப்பு இல்லையாம்," என்றாள். "அப்பாடா," என்று அவன் கண்ணை மூடிக்கொண்டான். அந்த ஒரு வார்த்தைக்கு அவன் முகம் தளர்ந்ததைப் பார்த்துவிட்டு மீதியை அவள் சொல்லவில்லை. அடுப்படியில் பச்சை வாளி விளிம்புவரை நிறைந்துவிட்டது, இப்போது வந்ததை ஊற்ற அதில் இடமில்லை. கூடத்தில் இன்னும் நின்றுகொண்டிருந்த கனகவல்லி அம்மாள் வாளியைப் பார்த்தாள். "அதை ஏன் அங்க வெச்சிருக்க, அடுப்படியில. மேல எடுத்துட்டு வந்து ஊத்திரு. நான் ஒண்ணும் நினைக்கமாட்டேன்," என்றாள். சொல்லிவிட்டு முன்னால் ஏறிப் போனாள். இந்துமதி வாளியைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஏறினாள். ஒரு கையால் மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, சிந்தாமல், ஒவ்வொரு படியிலும் நின்று. மாடிக் குளியலறை வெளிச்சமாக இருந்தது. நீலப் பூப்போட்ட தரை, துளி ஈரமில்லை. ஜன்னல் திறந்து காற்று வந்துகொண்டிருந்தது. வெயில் ஒரு துண்டு சுவரில் விழுந்திருந்தது. இவ்வளவு உலர்ந்த இடத்தில் நின்று எத்தனை நாளாயிற்று என்று தோன்றியது, இங்கேயே ஒரு ஓரத்தில் உட்கார்ந்துவிடலாம் போல. கக்கூஸில் மெல்லச் சாய்த்தாள். வைக்கோல் நிறத்தில், நுரையில்லாமல், சத்தமில்லாமல் இறங்கியது. என்ன சுலபமாக இறங்குகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள், வாளி முழுக்கக் காலியாகும்வரைக்கும். "கொஞ்சம் தாராளமா தண்ணி ஊத்திக் கழுவி விட்டுரும்மா, வாடை நிக்கும்," என்று கனகவல்லி அம்மாள் கூடத்திலிருந்து சொன்னாள். கடுமையாகச் சொல்லவில்லை, வீட்டு மனுஷியிடம் சொல்வதுபோலத்தான் சொன்னாள். "சரிம்மா," என்று இந்துமதி குழாயைத் திறந்து வாளியைப் பிடித்தாள். அப்போது கீழேயிருந்து தயாளன் கூப்பிட்டான். "இந்து, தண்ணி கூடத்துக்கு வந்துருச்சு. உள்ள வருது இந்து." கத்தக்கூடத் தெம்பில்லாத குரல், ஆனாலும் திறந்த ஜன்னல் வழியாகத் தெளிவாக ஏறி வந்தது. மேல் வீட்டுத் தண்ணியும் இந்த லைன்லதான் என்று அந்தோணி சொன்னது அப்போதுதான் உறைத்தது. என்ன வருகிறது என்று அவளுக்குத் தெரியும். இப்போதுதான் அதைத் தூக்கிக்கொண்டு வந்தாள். வாளி நிறைந்து வழிந்தது, குழாயை அடைத்தாள். இதை ஊற்றினால் இதுவும் அங்கேதான் போகும், அவன் கட்டிலுக்கடியில் பெட்டிகள் இருக்கின்றன. ஊற்றாமல் போனால் வாடை நிற்கும், அந்த அம்மாள் முகம் சுளிப்பாள், இன்னொரு வீடு கிடைக்கும்வரை இந்த அம்மாளின் முகம் வேண்டியிருக்கிறது. அடுத்துப் பார்க்கிற வீட்டின் சொந்தக்காரர்கள் யாராவது விசாரித்தால், சுத்தமான ஆளுங்கதான் என்று ஒரு வார்த்தை சொல்ல இந்த அம்மாள் ஒருத்திதான் உண்டு. "இந்து," என்றான் அவன் மறுபடியும். "இதோ வந்துட்டேன்," என்று அவள் பதில் கொடுத்தாள். பிறகு தண்ணீரை ஓரம் சுற்றி ஒரு சொட்டு மிச்சமில்லாமல் ஊற்றி, பிரஷ்ஷை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தாள்.